பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எப்போது மாற்றுவது?

"நல்லாத்தான ஓடுது, எதுக்கு அண்ணாச்சி மாத்தணும்?" பழைய பேக்கப் டிஸ்க்கை மாற்றச் சொன்னால் நெல்லைப் பக்கத்து ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் முதலில் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய பொருளை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கி வைக்க யாருக்கும் மனசு வராது.

ஆனால் "ஓடுது" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கேபிளைச் சொருகினால் லைட் எரிகிறது, ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஒன்றிரண்டு போட்டோ திறக்கிறது. ஃபோல்டர் பட்டியலைக் காட்ட டிஸ்க்கில் இருந்து சில எம்பி படித்தாலே போதும். மிச்சம் இருக்கிற 900 ஜிபியை அன்றைக்கு யாரும் தொடவே இல்லை. 2019இல் எடுத்த கல்யாண வீடியோ அதில் முழுசாக இருக்கிறதா என்று அந்த லைட் சொல்லாது.

தினமும் வேலை பார்க்கிற டிஸ்க் கெட ஆரம்பித்தால் தெரிந்துவிடும். ஃபைல் திறக்காது, சிஸ்டம் திணறும், நாமும் உஷாராகிவிடுவோம். பேக்கப் டிஸ்க் அப்படி இல்லை. எழுதி பீரோவில் வைத்ததோடு சரி. அதைப் படிக்கிற நாள் பெரும்பாலும் மெயின் டிஸ்க் போன நாளாக இருக்கிறது. பழைய விவசாயிகள் விதைநெல்லை நாற்றங்காலுக்குக் கொண்டுபோகும் முன்பே ஒரு பிடி எடுத்து ஈரச்சாக்கில் முளைகட்டிப் பார்ப்பார்கள். பேக்கப் டிஸ்க்குக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும். ஒரு பிடி மட்டும் போதாது, முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

மாற்றுவதா வேண்டாமா என்பதை மூன்று கேள்விகளை வைத்து முடிவு செய்யலாம். இன்றைக்கு அந்த டிஸ்க்கை முதலில் இருந்து கடைசி வரை தடையில்லாமல் படிக்க முடிகிறதா? அதில் உள்ளது வேறு எங்கே இருக்கிறது? அதற்கு என்ன வயசு? பலரும் வயசில் தொடங்குகிறார்கள். மூன்றில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான்.

உள்ளே என்ன தேய்கிறது

டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல மினுங்கும் தட்டுகள் சுற்றுகின்றன. போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கிற ஹெட் மிதக்கிறது. நாளாக ஆக மோட்டாரின் பேரிங் தேயும், ஹெட் பலவீனமாகும், தட்டில் அங்கங்கே படிக்க முடியாத புள்ளிகள் வரும். தட்டில் டேட்டா எழுதும் சின்னச் சின்ன இடங்களுக்கு செக்டர் என்று பெயர். கெட்டுப்போன இடத்தைத்தான் கடைகளில் "பேட் செக்டர்" என்கிறார்கள். இவை போக, வெளியே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டும் யுஎஸ்பி சாக்கெட்டும் தனியாகப் பழுதாகும்.

ஓடாமல் சும்மா இருந்தாலும் டிஸ்க்குக்கு வயசாகிறது. வாரத்துக்கு 4 மணி நேரம் ஓடுகிற பேக்கப் டிஸ்க், ஐந்து வருஷத்தில் சுமார் 1,000 மணி நேரம்தான் ஓடியிருக்கும். எந்நேரமும் ஓடும் டிஸ்க் ஒரே வருஷத்தில் 8,760 மணி நேரம் ஓடிவிடும். அதனால் "மணிக்கணக்கு குறைவாகத்தான் காட்டுது, புதுசு மாதிரிதான்" என்று நினைத்துவிடக் கூடாது. ஈரமும் சூடும் அந்த ஐந்து வருஷமும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தன.

முதலில் கேபிளைப் பாருங்கள்

நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. காரணம் டிஸ்க்கே இல்லை, கரண்ட்தான். சின்ன போர்ட்டபிள் டிஸ்க் தனக்கு வேண்டிய கரண்டை யுஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கிறது. யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. டிஸ்க் சுற்றத் தொடங்குகிற அந்தச் சில நொடிகளில்தான் தேவை உச்சத்தில் இருக்கும். கேபிள் நீளமாகவோ, தேய்ந்தோ, கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட் தளர்ந்தோ இருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் டிக் டிக் என்றோ மெல்லிய பீப் என்றோ சத்தம் வரும். ஹெட் போய்விட்ட டிஸ்க்கும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான் போடும்.

அதனால் சந்தேகம் வந்தால், அரையடி நீளமுள்ள வேறொரு நல்ல கேபிளை எடுத்து, மேஜைக் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் சொருகிப் பாருங்கள். நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வேண்டாம். பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் இருக்கும். வருஷக்கணக்கில் ஓடிய அடாப்டர், லைட்டை எரிய வைக்கும் அளவுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, மோட்டார் சுற்றும்போது தொய்ந்துவிடும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே துருவ அமைப்பு உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பார்க்கலாம். இந்த இரண்டு சோதனைக்குப் பிறகும் சத்தம் தொடர்ந்தால் மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பழுதான ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும்.

இன்னொரு பொய் எச்சரிக்கை, எழுதும் வேகம் குறைவது. இப்போது விற்கிற போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில், ஓட்டின் மேல் ஓடு வேய்ந்தது போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல் எழுதும் முறை இருக்கிறது. நூறு ஜிபிக்கு மேல் ஒரே மூச்சில் எழுதினால் வேகம் விழுந்து போகும். அது அந்த வகையின் இயல்பு. படிக்கும்போது மணிக்கணக்கில் திணறினால்தான் கவலைப்பட வேண்டும். அதிலும், டிஸ்க்கின் ஆரம்பத்தில் நொடிக்கு 120 எம்பி கொடுத்தது கடைசியில் 60 எம்பிக்கு இறங்குவது சாதாரணம். தட்டின் உள்வட்டத்தில் சுற்றளவு குறைவு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் காப்பி செய்யும்போதும் வேகம் குறையும். ஒரு பெரிய வீடியோ ஃபைல் நடுவில் பூஜ்யத்துக்கு இறங்கி, சில நொடி நின்று, மறுபடி ஓடினால் அது அபாயக் குறி.

டிஸ்க் தானே எழுதி வைக்கும் கணக்கு

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் இதைப் பார்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். லினக்ஸில் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் இருக்கிறது.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்ததும் மேலே நீலப் பெட்டியில் "குட்" என்று காட்டும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். கீழே உள்ள பட்டியலின் கடைசி நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். "ரா வேல்யூஸ்" என்று இருக்கும். அது வழக்கமாக 16 அடிமான எண்ணில் காட்டும். 18 என்று இருந்தால் நம் கணக்கில் 24. குழப்பம் வேண்டாம் என்றால் ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ், அதில் 10 என்ற அடிமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இருபது, முப்பது வரி இருக்கும். நமக்கு வேண்டியவை சில.

சி5 என்ற வரி மிக முக்கியம். படிக்கப் போய் முடியாமல், "பிறகு பார்க்கலாம்" என்று டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை இது. அந்த இடத்தில் உங்கள் ஃபைல் ஏதாவது இருந்தால் அந்தத் துண்டு இப்போதே கிடைக்கவில்லை என்று அர்த்தம். பூஜ்யம் இல்லாமல் வேறு எந்த எண் இருந்தாலும், அதில் உள்ளதை வேறு இடத்துக்கு அன்றைக்கே காப்பி செய்ய வேண்டும். பல டிஸ்க்குகளில் இது 8, 16, 24 என்று எட்டின் மடங்காக ஏறும். உள்ளே 4,096 பைட் கொண்ட ஒரு செக்டர், வெளியே 512 பைட் கொண்ட எட்டாகக் கணக்காவதால் அப்படி. 8 என்று காட்டினால் கெட்டது அனேகமாக ஒரே ஒரு இடம்.

05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. டிஸ்க் தயாராகும்போதே கொஞ்சம் உபரி இடம் வைத்துத்தான் செய்கிறார்கள். அதனால் 05 பூஜ்யம் இல்லை என்பதாலேயே டிஸ்க் செத்துவிடாது. எண் நகர்கிறதா என்பதே கேள்வி. போன வருஷம் 8, இந்த வருஷமும் 8 என்றால் அதை மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். போன மாதம் 8, இந்த மாதம் 40 என்றால் புது டிஸ்க் வாங்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சி6, டிஸ்க் தானே தன்னைச் சோதித்துப் படிக்க முடியாமல் போன இடங்கள். இதுவும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0ஏ என்ற வரி ஏறினால் மோட்டார் ஒரே முயற்சியில் வேகம் பிடிக்கவில்லை. அடாப்டரையோ கேபிளையோ மாற்றியும் ஏறினால் மோட்டாரே சோர்ந்துவிட்டது. சி0, கரண்ட் திடீரென்று போய் ஹெட் அவசரமாக ஒதுங்கிய தடவைகள். "சேஃப்லி ரிமூவ்" கொடுக்காமல் கேபிளைப் பிடுங்குகிறவர்கள் வீட்டில் இந்த எண் நூற்றுக்கணக்கில் இருக்கும். சி7 ஏறினால் டிஸ்க்குக்கும் அதன் கூட்டுக்குள் (வெளியே தெரியும் பெட்டிக்குள்) இருக்கிற போர்டுக்கும் இடையேயான இணைப்பில் கோளாறு. வெளியே நாம் சொருகும் யுஎஸ்பி கேபிளின் கோளாறு இதில் ஏறாது. அது டிஸ்க் அடிக்கடி துண்டித்துத் துண்டித்து வருவதில்தான் தெரியும்.

சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் காட்டும். அது அந்த நிறுவனம் கணக்கு எழுதும் முறை. பதற வேண்டாம்.

ஸ்மார்ட்டை எவ்வளவு நம்பலாம்? கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகிற வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையுமே காட்டாமல் செத்திருந்தன. அதாவது ஸ்மார்ட் கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள். நல்ல செய்தி சொன்னால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சில கூடுகள் ஸ்மார்ட் விவரத்தை வெளியே விடுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அடுத்த சோதனை ஒன்றுதான் வழி.

முழுவதையும் படித்துப் பார்ப்பது

ஆறு மாதத்துக்கு ஒரு முறை டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்க வேண்டும். எளிய வழி, செவன் ஜிப் மென்பொருள். பேக்கப் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ என்ற இடத்தில் எஸ்எச்ஏ 256 என்பதைக் கொடுங்கள். அது உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் முதல் பைட்டில் இருந்து கடைசி பைட் வரை படித்து, முடிவில் 64 எழுத்துள்ள ஒரு குறியீட்டைக் காட்டும். படிக்க முடியாத ஃபைல் இருந்தால் பிழை என்று சொல்லிவிடும். அந்தக் குறியீட்டை ஃபைல்களின் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு, கம்ப்யூட்டரிலும் போனிலும் வையுங்கள். அந்த ஃபோல்டரில் எதையும் சேர்க்காமல் நீக்காமல் இருந்தால், ஆறு மாதம் கழித்தும் அதே குறியீடு வர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஏதோ ஒரு ஃபைல் மாறியிருக்கிறது. இதனால்தான் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து, முடிந்த வருஷத்தைத் தொடாமல் விடுவது நல்லது. குறியீடும் வருஷத்துக்கு ஒன்றாக இருக்கும். எந்த வருஷத்தில் கோளாறு என்று உடனே தெரியும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபியைப் படிக்க 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் சொருகினால் நொடிக்கு முப்பது சொச்சம் எம்பிதான் வரும். 1 டிபிக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்துவிட்டுப் படுக்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். யுபிஎஸ் இருப்பது நல்லது.

மெயின் டிஸ்க்கும் கையில் இருந்தால் ஃப்ரீஃபைல்சிங்க் மென்பொருளில் "ஃபைல் கன்டென்ட்" என்ற முறையில் இரண்டையும் ஒப்பிடலாம். வழக்கமான முறை தேதியையும் அளவையும் மட்டுமே பார்க்கும். உள்ளே ஒரு துண்டு கெட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது.

படிக்கும் சோதனை முடிந்ததும் மறுபடி ஸ்மார்ட்டைத் திறந்து சி5ஐப் பாருங்கள். சோதனைக்கு முன் பூஜ்யமாக இருந்தது, பிறகு 16 ஆகியிருக்கலாம். யாரும் போகாத மூலைக்கு இப்போதுதான் ஹெட் போயிருக்கிறது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் "டிஸ்க்" என்ற பெயரில் 7, 51, 153 என்ற எண்களில் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 7 என்றால் பேட் பிளாக், அதாவது கெட்டுப்போன இடம். 153 என்றால் ஒரே தடவையில் முடியாமல் திரும்ப முயன்றிருக்கிறது. இதற்குக் கேபிளும் காரணமாக இருக்கலாம்.

வயசு

டேட்டா சென்டர் நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தன்னிடம் ஓடுகிற டிஸ்க்குகளின் கணக்கை 2013இல் இருந்து வெளியிட்டு வருகிறது. அந்த வருஷம் சொன்னது: முதல் ஒன்றரை வருஷத்தில் ஆண்டுக்கு 5.1 சதவீதம் பழுதாகின்றன, அடுத்த ஒன்றரை வருஷத்தில் 1.4 சதவீதம், மூன்று வருஷம் தாண்டியதும் 11.8 சதவீதம். அதற்குப் பிறகு வந்த டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். புது டிஸ்க் என்பதாலேயே பத்திரம் இல்லை. வயசான பிறகு ஆபத்து ஏறத்தான் செய்யும். அவை குளிரூட்டிய அறையில், சீரான கரண்டில், அசையாமல் இருக்கிற டிஸ்க்குகள் என்பதையும் மறக்கக் கூடாது. பையில் போட்டு பைக்கில் மேலப்பாளையத்துக்கும் களக்காட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகிற போர்ட்டபிள் டிஸ்க்கின் வாழ்க்கை வேறு.

எங்கள் கணக்கு இது: போர்ட்டபிள் டிஸ்க் நான்காம் வருஷத்தை எட்டும்போது அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஐந்தாம் வருஷத்தோடு பழையதை முக்கியப் பிரதி என்ற இடத்தில் இருந்து இறக்கி, கூடுதல் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். மேஜையிலேயே இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாம். கீழே விழுந்த டிஸ்க்குக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே ஹெட் தட்டில் இடித்திருக்கும். சோதனையில் தேறினாலும் ஒரே பிரதியை அதில் வைக்க வேண்டாம்.

நம்ம ஊர் வெயில், சாரல், வெள்ளம்

பல போர்ட்டபிள் டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஓடும்போது அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பாளையங்கோட்டையில் மத்தியானம் ஃபேன் மட்டும் ஓடுகிற அறை அதைத் தாண்டிவிடும். மூடிய கூட்டுக்குள் டிஸ்க், அறையைவிட பத்து டிகிரிக்கு மேலேயே சூடாகும். ஸ்மார்ட்டில் சி2 என்ற வரி வெப்பத்தைக் காட்டும். 50 தொடுகிறது என்றால் காப்பியை நிறுத்தி ஆறவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பெரிய காப்பி வேலைகளை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது. மெத்தை மேலும் துணி மேலும் வைக்காமல், நிமிர்த்தி நிறுத்தாமல், தரையில் படுக்கையாக வையுங்கள்.

ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் காலம். காற்றே ஈரமாக இருக்கும். ஏசி அறையில் குளிர்ந்து இருந்த டிஸ்க்கை வெளியே கொண்டுவந்து உடனே சொருகினால், போர்டில் நீர்த்துளி படிந்திருக்கும்போதே கரண்ட் பாயும். ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விட்டுச் சொருகுங்கள். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று யுஎஸ்பி சாக்கெட்டின் தகடுகளில் பச்சை பூக்க வைக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் பெரிதும் குறையும். பொட்டலத்தை வருஷம் ஒரு முறை மாற்றுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை தாண்டி, நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையத்திலும் வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் தண்ணீர் நின்றது. ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்து டிராயரில் பேக்கப் என்று வைத்தால், வெள்ளத்தின் கணக்கில் அது ஒரே பிரதிதான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை ஊருக்கேற்றபடி வைத்துக்கொள்ளலாம்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று மாடியில் டப்பாவில், ஒன்று அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுப் பீரோவிலோ கிளவுடிலோ.

நனைந்த டிஸ்க்கில் ஒரு முறைகூட கரண்ட் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு நுண் துளை உண்டு. சேற்றுத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருக்கலாம். வெயிலில் காயப்போடுவது, அரிசியில் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எதுவும் வேண்டாம். சேறு உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் மீட்பது இன்னும் கடினம். அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு டேட்டா ரெக்கவரி செய்யும் இடத்துக்குக் கொடுங்கள்.

எதை எப்போது மாற்றுவது

வேறு பிரதியே இல்லாத டேட்டா இருக்கிற டிஸ்க் என்றால் விதி கடுமையாக இருக்க வேண்டும். கேமராவின் மெமரி கார்டைத் துடைத்துவிட்டு, மெயின் டிஸ்க்கிலும் இடம் இல்லை என்று அழித்துவிட்டு, போர்ட்டபிளில் மட்டும் போட்டு வைத்திருப்பதை பேக்கப் என்றே சொல்ல முடியாது. அதற்கு வயசு, ஸ்மார்ட் எதையும் பார்க்காமல் இன்றைக்கே இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். சுடலைமாடன் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, இப்போது இல்லாத பெரியவர்களின் குரல், இவற்றை மறுபடி எடுக்க முடியாது.

இரண்டு நல்ல பிரதி உள்ள டேட்டாவில் ஒரு டிஸ்க்கின் 05 எண் கொஞ்சம் நகர்ந்தால் அந்த மாதத்துக்குள் மாற்றினால் போதும். மூன்று பிரதி இருந்து, ஒன்று கிளவுடில் என்றால், ஆறு வருஷ டிஸ்க்கையும் சோதனையில் தேறும்வரை ஓட்டலாம். யோசித்துப் பார்த்தால் டிஸ்க்கின் வயசைவிட அதில் உள்ளதன் தனிமைதான் அவசரத்தை முடிவு செய்கிறது.

கொள்ளளவும் ஒரு காரணம். 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஆறாறு மணி நேரம் ஓடினால் ஒரு கல்யாணம் 540 ஜிபி. டிஸ்க் 85 சதவீதம் நிறைந்ததும் ஆட்கள் "இதை அழிச்சா இடம் கிடைக்கும்" என்று பழையதை அழிக்கத் தொடங்குகிறார்கள். அந்தக் கட்டத்திலேயே பெரியதை வாங்கிவிடுவது நல்லது. இப்போது உள்ள டேட்டாவைப் போல இரண்டு மடங்கு இடம் இருக்கட்டும்.

சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வாங்கலாமா? அடிக்கடி தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நல்லது, விழுந்தால் தாங்கும். ஆனால் பீரோவில் வருஷக்கணக்கில் பூட்டி வைக்க நாங்கள் சொல்ல மாட்டோம். எஸ்எஸ்டி டேட்டாவை மின்னேற்றமாக வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் டேட்டாவைக் காக்க வேண்டும் என்பதே, சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிர்ணயம். புதுசு அதைவிட வெகுகாலம் தாங்கும் என்றாலும், நம் ஊர் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை.

மாற்றும் முறை

புது டிஸ்க் வந்ததும் முதலில் ஸ்மார்ட்டில் 09 வரியைப் பாருங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யமோ ஒன்றிரண்டோ இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது பழைய டிஸ்க், திருப்பிக் கொடுங்கள். அடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். 2 டிபிக்கு எழுத ஐந்தரை, படிக்க ஐந்தரை என்று குறைந்தது பதினோரு மணி நேரம் பிடிக்கும். நம்ப முடியாத விலைக்கு விற்கிற போலி டிஸ்க்குகள் 2 டிபி என்று காட்டி உள்ளே 64 ஜிபிதான் வைத்திருக்கும். அவை இதில் மாட்டிக்கொள்ளும். பிறக்கும்போதே பலவீனமான டிஸ்க்கும் பெரும்பாலும் இதில் தெரிந்துவிடும். டிஸ்க் காலியாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

பிறகு காப்பி. மெயின் டிஸ்க் நன்றாக இருந்தால் அதில் இருந்து எடுங்கள். பழைய பேக்கப்பில் இருந்து எடுத்தால் அதில் கெட்டுப்போன ஃபைலும் அப்படியே புதியதற்கு வந்துவிடும். காப்பி முடிந்ததும் குறியீடு போட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றா என்று உறுதி செய்யுங்கள். சிங்க் மென்பொருளில் "மிரர்" முறையைக் கொடுக்கும்போது எது மூலம், எது பிரதி என்று இரண்டு முறை பாருங்கள். காலி டிஸ்க்கை மூலமாகக் காட்டிவிட்டால் மறுபக்கம் மொத்தமும் அழியும்.

வேலை முடிந்ததும் சேஃப்லி ரிமூவ் கொடுத்துக் கழற்றுங்கள். வாங்கிய மாதம், வருஷம், உள்ளே என்ன, கடைசியாகச் சோதித்த தேதி, இந்த நான்கையும் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். பேக்கப்பை எந்நேரமும் சொருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் சொருகியிருக்கிற எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும்.

சோதனையிலேயே டிஸ்க் திணற ஆரம்பித்தால்

விண்டோஸ் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஃபோல்டர் அமைப்பைச் சரிசெய்கிற வேலை. சாகப்போகிற டிஸ்க்கில் எழுதி எழுதி, கிடைக்கக்கூடிய ஃபைலையும் துண்டாக்கிவிடும். முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர். காப்பியிலும் மொத்தமாக இழுக்காமல் விலை மதிப்பில்லாததை முதலில் எடுங்கள். ஒரு ஃபைலில் மாட்டிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடி ரெஸ்க்யூ நல்ல கருவி. நல்ல பகுதியை எல்லாம் முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும்.

டிக் டிக் சத்தம் விடாமல் வந்தால் அணைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதை நம்பி ஈரத்தை உள்ளே விடாதீர்கள். மூடியைத் திறக்கவே கூடாது. தூசி புகாத சுத்த அறை வைத்திருக்கிற ரெக்கவரி நிறுவனம்தான் வழி, அதற்கு ஆகும் செலவு புது டிஸ்க்கைப் போலப் பல மடங்கு. சில போர்ட்டபிள்களில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். கூட்டைக் கழற்றி வேறு கூட்டில் போடலாம் என்று அவற்றைத் திறந்தால் சொருக இடமே இருக்காது.

பழைய டிஸ்க்

புதியது மூன்று மாதம் ஒழுங்காக ஓடி, ஒரு முழுப் படிப்புச் சோதனையிலும் தேறும் வரை பழையதை அழிக்காமல் வையுங்கள். அதன் பிறகும் எண்கள் சுத்தமாக இருந்தால் சினிமா, பாட்டு மாதிரி போனால் போகட்டும் என்கிறவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே கொடுப்பதானால், பட்டா நகலும் ஆதார் நகலும் வாடிக்கையாளர் படங்களும் அதில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். குயிக் ஃபார்மட் பட்டியலை மட்டுமே அழிக்கும். படங்கள் அப்படியே இருக்கும், எளிதாக மீட்டுவிடலாம். ஃபார்மட் பெட்டியில் "குயிக்" என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதும். 2 டிபிக்கு ஓர் இரவு ஆகும். எழுதவே முடியாத அளவுக்குக் கெட்ட டிஸ்க் என்றால் தட்டைத் துளைத்துப் போகும்படி இரண்டு மூன்று இடத்தில் டிரில் போட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். சின்ன டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம், தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிஸ்க்கைச் சாக்கில் சுற்றிவிட்டு டிரில் போடுங்கள்.